அம்மா சுளகில் பொறுக்கிப் போடும் அரிசி: வாட்ஸ்அப்பில் வருவதை வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

கேள்வி: சுளகுமகள்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஊரில் அம்மா இருக்கிறார். தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9 என்று குறைவாக வந்திருக்கிறது. கிராம செவிலியர் அக்கா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, கீரையும் முட்டையும் தவறாமல் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் பொங்குவது ரேஷன் அரிசிதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா திண்ணையில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லும் நெல்லும் பொறுக்குவது எனக்குப் பிறந்ததிலிருந்து பழகிய காட்சி. ஆனால் இந்த முறை ஒவ்வோர் அரிசியாக எடுத்து, வெயிலில் காட்டிப் பார்த்து, சிலதை மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அரைப்படி அரிசிக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

"என்னம்மா பண்ற?"

"பிளாஸ்டிக் அரிசித்தா. மாசமா இருக்கிற புள்ளைக்கு இத எப்படிப் பொங்கிப் போடுறது?"

எங்கள் குடும்ப குரூப்பில் சித்தப்பா மூன்று வீடியோ அனுப்பியிருந்தார். முதல் வீடியோவில் ஒரு மிஷின் பிளாஸ்டிக் தாளை உள்ளே இழுத்து, மறுபக்கம் வெள்ளை வெள்ளையாக மணி மணியாகத் தள்ளுகிறது. இரண்டாவதில் அரிசியைத் தண்ணீரில் போடுகிறார்கள், சில அரிசி மிதக்கிறது. மூன்றாவதில் சோற்றை உருட்டித் தரையில் அடிக்கிறார்கள், பந்து போல எம்புகிறது.

இது சத்துகள் சேர்த்துச் செறிவூட்டப்பட்ட அரிசி என்று எங்கோ படித்த ஞாபகம் எனக்கு இருந்தது. "அதெல்லாம் பொய்ம்மா" என்றேன். அம்மா பேசவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, கிண்ணத்தில் இருந்ததில் ஒரு கைப்பிடியைப் போட்டார். சிலது மிதந்தது. "நீ படிச்சவ, உனக்கு ஆயிரம் தெரியும். அரிசி எனக்குத் தெரியும்த்தா" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. ஏனென்றால் பொய் என்று நான் சொன்ன விஷயம் என் கண்ணுக்கு முன்னால் சொம்பில் மிதந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சித்தப்பாவிடம் பேசினேன். அவர் கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது. "நீ சொல்றதும் போன்ல படிச்சதுதான, நான் சொல்றதும் போன்ல பார்த்ததுதான. நீ மட்டும் எப்படி சரி?" அவர் வம்புக்குப் பேசுகிறவர் இல்லை. கொரோனா நேரத்தில் ஊரில் யாருக்கு மூச்சு முட்டினாலும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். வீடியோவை அனுப்பியதும் தங்கைமேல் இருக்கும் அக்கறையில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நான் தாம்பரம் பக்கம் தோழிகளோடு வாடகை வீட்டில் இருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு "ஏரி உடைந்துவிட்டது, உடனே மாடிக்கு ஏறுங்கள்" என்று ஒரு செய்தி வந்தது. யார் எழுதியது என்று பார்க்காமல் பதினோரு பேருக்கு அனுப்பினேன். கீழ்வீட்டுப் பாட்டி இருட்டில் மாடிப்படி ஏறும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எங்கள் பக்கம் ஏரி உடையவில்லை. அந்தப் பாட்டி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால் நான் தெளிவானவள், சித்தப்பா ஏமாந்தவர் என்ற எண்ணம் எனக்குக் கிடையாது.

உண்மை கண்டறியும் தளங்களைப் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் கண்ணும் கையும் நம்புகிற மாதிரி ஏதாவது வழி இருக்கிறதா? எனக்குமே, ஒரு செய்தியை எதை வைத்து நம்புவது, எதை வைத்துத் தள்ளுவது?

பதில் 1: எடைத்தராசு

வணக்கம் மகளே. நான் டெல்டா பக்கம் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த அரிசியைப் பற்றி உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு கடமையே இருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அம்மாவிடம் போய், "நீ பார்த்தது சரிம்மா" என்று சொல்லுங்கள். அந்த அரிசி மற்ற அரிசி மாதிரி இல்லை என்பது உண்மை. அறுபது வருடம் அரிசி புடைத்த கண்ணுக்கு அது தப்பாது. அது வயலில் விளைந்தபடி வந்த மணியே இல்லை. அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்த பொடியைச் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன துளை வழியாகப் பிழிந்து, அரிசி நீளத்துக்கு நறுக்கிக் காய வைப்பார்கள். இடியாப்பம் பிழிகிற உரலை நினைத்துக்கொள்ளுங்கள். சேமியாவை அரிசி அளவுக்கு வெட்டினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. அதனால்தான் மங்கலாக, ஒரே அச்சாக இருக்கிறது. மாவைப் பிழிந்து செய்தது என்பதால் உள்ளே கொஞ்சம் காற்றும் இருக்கும், சிலது மிதக்கும்.

இந்த மணியை 100 கிலோ சாதா அரிசிக்கு 1 கிலோ என்ற கணக்கில் கலந்திருக்கிறார்கள். 50 கிலோ மூட்டையில் அரைக் கிலோ. நம் மாநிலத்தில் 2020 வாக்கில் திருச்சி மாவட்டத்தில் முன்னோட்டமாக ஆரம்பித்தார்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் பேசும்போது, 2024க்குள் அரசுத் திட்டங்களில் கொடுக்கும் அரிசி எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்று அறிவித்தார்.

இப்போது சோதனை. அம்மாவையே செய்ய வையுங்கள், நீங்கள் செய்து காட்ட வேண்டாம்.

பொறுக்காத ரேஷன் அரிசியில் ஆயிரம் மணி எண்ணச் சொல்லுங்கள். அதில் வித்தியாசமானது எத்தனை என்று பார்க்கட்டும். ஏறக்குறைய பத்து வரும். கலப்படம் பண்ணுகிறவன் நூற்றுக்கு ஒன்று கலப்பானா? காசு பார்க்க நினைப்பவன் நூற்றுக்கு முப்பது கலப்பான். மேலும் பிளாஸ்டிக் மணி கிலோவுக்கு அரிசியைவிட விலை அதிகம். விலை குறைந்த பொருளில் விலை கூடிய பொருளைக் கலந்து ஒருவன் என்ன சம்பாதிக்க முடியும்? உங்கள் அம்மா சந்தைக்குப் போய் வந்தவர், இது அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

அப்புறம் ஒரு தட்டில் மூன்று பொருளை வையுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய அரிசி, அம்மா பொறுக்கிப் போட்ட அரிசி, கேரி பேக்கில் கிழித்த ஒரு துண்டு. மூன்றையும் இடுக்கியில் பிடித்துத் தனித்தனியாக நெருப்பில் காட்டுங்கள். அரிசி இரண்டும் கருகும், தீய்ந்த சோற்று வாடை வரும். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும், அந்த வாடையை அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோற்று உருண்டையும் அப்படித்தான். கடை அரிசிச் சோற்றையும் உருட்டி அடித்துப் பாருங்கள், அதுவும் எம்பும். சோற்றின் பசை அது.

அந்த வீடியோக்காரர் செய்த தப்பு இதுதான். ஒரே பொருளை மட்டும் வைத்துச் சோதித்தார். பக்கத்தில் நல்ல அரிசி என்று அவரே ஒத்துக்கொள்ளும் அரிசியை வைத்து ஒருதடவைகூடச் செய்யவில்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் செய்ததை நான் சோதனை என்றே சொல்ல மாட்டேன். தராசில் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்கிற மாதிரி.

இனி எனக்கு என்ன கடமை என்று சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு இந்த மூட்டைகள் முதலில் வந்தபோது என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டையைப் பிரித்தேன், அளந்து போட்டேன். மறுநாள் ஒரு அம்மா பையோடு திரும்பி வந்து, கையில் அந்த மணிகளை வைத்துக்கொண்டு, "இது என்னங்க?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்: "தெரியலம்மா, மேல இருந்து இப்படித்தான் வருது." பக்கத்தில் நின்ற ஒரு பையன் அதைப் போனில் எடுத்திருக்கிறான். எனக்குத் தெரியாது.

ஒரு வாரத்தில் அந்த வீடியோ என் மருமகன் போனுக்கே வந்தது. மேலே "ரேஷனில் பிளாஸ்டிக் அரிசி?" என்று ஒரு கேள்விக்குறியோடு எழுதியிருந்தது. ஒரு மாதம் கழித்துச் சேலத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அதையே அனுப்பினார். இப்போது கேள்விக்குறி போய்விட்டது, மாவட்டத்தின் பெயர் மாறியிருந்தது. அதற்கும் பிறகு வந்ததில் "பிளாஸ்டிக் அரிசியை ஒப்புக்கொண்ட அதிகாரி" என்று இருந்தது. நான் அதிகாரியும் இல்லை, எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

பாருங்கள் மகளே. அந்த வீடியோவில் என் குரல் உண்மை. அரிசி உண்மை. அந்த அம்மாவின் பதற்றம் உண்மை. யாரும் எதையும் வெட்டி ஒட்டவில்லை. மேலே ஒட்டிய ஒரு வரிதான் பொய். அன்றிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அதை இரண்டாகப் பிரிக்கிறேன். கேமரா கண்டது ஒன்று, அதற்கு மேல் ஒருவர் சொன்னது ஒன்று. கண்டதற்கு, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று கேட்பேன். சொன்னதற்கு, சொல்கிறவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பேன். உங்கள் அம்மாவிடம் "அதெல்லாம் பொய்" என்று நீங்கள் ஒரே வார்த்தையில் சொன்னபோது அவர் கண்டதையும் சேர்த்துத் தள்ளிவிட்டீர்கள். அதனால்தான் அவர் சொம்பை எடுத்தார்.

நான் அன்று "தெரியலம்மா" என்று சொன்னதோடு நிற்காமல், கடையைப் பூட்டிவிட்டுப் போய் விசாரித்து வந்து ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் எங்கள் ஊரிலாவது இது அடங்கியிருக்கும். அதைச் செய்யவில்லை. அதனால் இப்போது கேட்கிற இடத்திலெல்லாம் சொல்கிறேன்.

பதில் 2: ஆய்வுக்கூடத்துக்காரி

ஐயா எழுதியதற்கு மேல் நான் சேர்ப்பது கொஞ்சம்தான். தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் உணவு மாதிரிகள் பார்க்கிறேன்.

நெருப்பு வைக்கத் தயங்கினால் பெட்டாடின் போதும், காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து. வெந்த சோற்றில் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாக மாறும், மாவுச்சத்து இருப்பதன் அடையாளம் அது. பொறுக்கிய மணியை வேக வைத்து அதில் ஒரு சொட்டு விட்டாலும் மாறும். பிளாஸ்டிக் துண்டில் மருந்தின் பழுப்பு நிறம் மட்டும் நிற்கும். சோதித்த சோற்றை யாரும் சாப்பிட்டுவிடாமல் கொட்டிவிடுங்கள். மிதப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பூச்சி அரித்த சாதா அரிசிகூட மிதக்கும்.

சுளகுமகள், சித்தப்பா அனுப்பிய மிஷின் வீடியோவைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அது பழைய பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்காக மணிகளாக்கும் இயந்திரம். பக்கெட், குழாய் செய்யும் கம்பெனிகள் அந்த மணிகளைத்தான் வாங்குகின்றன. வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், இதே மாதிரி இயந்திரங்களின் விற்பனைப் படங்கள் வரிசையாக வரும்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்து கைக்கு மேல் மாறி வந்த செய்திக்கு அது விழும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும். அந்தக் குறி இருந்தால் பொய் என்று அர்த்தமில்லை. உங்களுக்கு அனுப்பியவருக்கு முதலில் எடுத்தவர் யார் என்று தெரிய வாய்ப்பில்லை, அவ்வளவுதான்.

பெரிய இடத்திலிருந்து வந்தால் நம்பலாமா என்றால், அதுவும் உடனே கூடாது. 2016 டிசம்பரில் நைஜீரியாவில் லாகோஸ் நகரில் 102 மூட்டை அரிசியைச் சுங்கத்துறையே பிடித்து "பிளாஸ்டிக் அரிசி" என்று அறிவித்தது. உலகம் முழுக்கச் செய்தியானது. ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகு அது பிளாஸ்டிக் இல்லை, கிருமி அளவு மீறிக் கெட்டுப்போன அரிசி என்று தெரிந்தது. சாப்பிடக் கூடாது என்பது சரிதான், சொன்ன காரணம் தவறு. முதல் நாள் செய்திக்கும் பத்தாம் நாள் செய்திக்கும் நடுவில் யாராவது சோதித்தார்களா என்று பார்ப்பது என் பழக்கமாகவே ஆகிவிட்டது.

பதில் 3: பனியன்கம்பெனி

அரிசியை வீட்டில் சோதிக்கலாம். வீட்டில் சோதிக்க முடியாததை என்ன செய்வது? நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். 2023 மார்ச் முதல் வாரம் எங்கள் கம்பெனியில் பாதி மிஷின் ஓடவில்லை. தமிழ்நாட்டில் பீகார் ஆட்களைத் தேடித்தேடி வெட்டுகிறார்கள் என்று வீடியோ பரவியது. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்கள் போக, மற்றவர்களும் பையைக் கட்டினார்கள். அந்த வீடியோக்கள் வேறு இடங்களில் வேறு காரணத்துக்காக நடந்தவை என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவிலேயே பேசி விளக்கினார். பீகார் அரசும் அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது.

அதெல்லாம் வருவதற்கு முன்னால், முதல் நாள் ராத்திரி எங்கள் டைலர் பையன் ஒருவன் நடுங்கிக்கொண்டு போனை நீட்டினான். அவனுடைய அம்மா பீகாரிலிருந்து அனுப்பிய வீடியோ. திருப்பூரில் இருக்கிற பையனுக்குத் திருப்பூரில் என்ன நடக்கிறது என்று பீகாரிலிருந்து செய்தி வருகிறது! நான் அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். உனக்குத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை கம்பெனியில் இருக்கிறார்கள்? ஏழு கம்பெனி என்றான். ஏழு பேருக்கும் போன் போடு என்றேன். போட்டான். ஏழு பேரும் பயந்துபோய் இருந்தார்கள், ஏழு பேருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. தன் கண்ணால் எதையாவது பார்த்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவன் அன்று தூங்கினான். மறுநாள் அவனே மற்றவர்களிடம் பேசினான். நான் பேசியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள், முதலாளி பக்கத்து ஆள் வேலை நிற்கக் கூடாது என்று பேசுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர்கள் அப்படி நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஏரி உடைந்தது என்று வந்தால் ஏரிக்கரையில் குடியிருக்கிற ஒருவருக்குப் போன் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த வழி இதுதான். போன் எடுக்கவில்லை என்றால் மேடான இடத்துக்குப் போவதில் தவறில்லை, ஆனால் மற்றவர்களுக்கு அனுப்பும்போது "எனக்கு உறுதியாகத் தெரியாது" என்று சேர்த்து அனுப்பலாம்.

பதில் 4: ஒரு தலசீமியாக் குழந்தையின் அப்பா

எல்லோரும் நல்லபடியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். "பிளாஸ்டிக் இல்லை" என்று நிரூபித்த உடனே "அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லை" என்று ஒரே தாவலில் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டும் வேறு வேறு கேள்வி.

என் மகளுக்கு ஒன்பது வயது, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். இவளைப் போன்றவர்களுக்கு உடம்பில் இரும்பு சேர்ந்துகொண்டே போவதுதான் ஆபத்து. செறிவூட்டிய உணவுக்கான 2018 விதிகளில், தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும், சிக்கிள் செல் ரத்தசோகை என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் சாப்பிட வேண்டாம் என்று பொட்டலத்தில் எச்சரிக்கை போடச் சொல்லியிருந்தது. ரேஷன் அரிசி மூட்டையிலிருந்து நம் பைக்கு வருகிறது, பைமேல் எதுவும் எழுதியிருக்காது. நான் அதைத் தெரிந்துகொண்டது ஒரு வாட்ஸ்அப் செய்தியில்தான். இரட்டை அம்புக்குறி போட்ட, எழுத்துப்பிழை நிறைந்த செய்தி. அதில் பாதி தப்பு. அந்த ஒரு வரி மட்டும் உண்மை.

அதை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் டாக்டரிடம் போனேன். அவர் காகிதத்தில் கணக்கு போட்டுக் காட்டினார். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் போகிறது. இந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம். மகள் ஒரு நாளைக்கு 150 கிராம் அரிசி சாப்பிட்டால் ஆறரை மில்லிகிராமுக்கு மேல் போகாது, அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். "இரும்பை வெளியேற்றும் மருந்தை ஒரு நாளும் விடாதீர்கள், அதுதான் முக்கியம்" என்றார். ரத்தம் ஏற்றத் தேவைப்படாத வகைக்கு உணவிலிருந்து இரும்பு அதிகமாகச் சேரும், அவர்களுக்கு வேறு கணக்கு என்றும் சொன்னார். நிபுணர் குழு ஆராய்ந்து, ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு 2024இல் அந்த எச்சரிக்கை வாசகத்தையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது என் வீட்டில் அந்த அரிசியைத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் அந்த முடிவுக்கு வந்தது டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்ட பிறகு. அரசு சொல்கிறது, எனவே சரி என்றும் இல்லை, வாட்ஸ்அப் சொல்கிறது, எனவே பொய் என்றும் இல்லை.

சுளகுமகள், உங்கள் தங்கை விஷயத்திலும் இதைப் பாருங்கள். இந்த அரிசி ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2019 அறிக்கை, அரிசியில் இரும்பு சேர்ப்பதால் ரத்தசோகை குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம் என்றுதான் சொல்கிறது. 8.9 இருக்கிற பெண்ணுக்கு மாத்திரைதான் மருந்து. பொய்யை மறுக்கிற வேகத்தில் நாம் ஒன்றைக் கூட்டிச் சொன்னால், நாளைக்கு அதுவும் பொய்யாகி, அம்மா நம் இரண்டு பேச்சையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

பதில் 5: ஆய்வுக்கூடத்துக்காரி

தலசீமியாக் குழந்தையின் அப்பா சொல்வது முழுக்கச் சரி. ஒரு எண்ணை மட்டும் சேர்க்கிறேன். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூறு மணிக்கு ஒரு மணி கலப்பதால் அது தீருமா தீராதா என்ற விவாதம் உண்மையான விவாதம். பிளாஸ்டிக் கதையால் அந்த விவாதத்துக்கே இடமில்லாமல் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.

மூன்று வாரம் கழித்து: சுளகுமகள்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் விடுப்பு போட்டு ஊருக்குப் போய் வந்தேன்.

எடைத்தராசு ஐயா சொன்னபடி முதலில் அம்மாவிடம், "நீ பார்த்தது சரிம்மா, அது சாதா அரிசி இல்ல, நான்தான் பார்க்காமப் பேசிட்டேன்" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் நான் சொன்ன எதையுமே காது கொடுத்துக் கேட்டார்.

சித்தப்பாவையும் கூப்பிட்டேன். திண்ணையில் மூன்று பேரும் உட்கார்ந்து ஆளுக்கு ஆயிரம் மணி எண்ணினோம். எனக்கு 9, சித்தப்பாவுக்கு 12, அம்மாவுக்கு 11. அம்மா எண்ணியதுதான் சரியாக இருக்கும், எனக்கு நடுவில் இரண்டு தடவை கணக்கு விட்டுப்போனது. "கலப்படம்னா ஒருத்தருக்கு அஞ்சு, ஒருத்தருக்கு ஐம்பதுன்னு வரணும்" என்று சித்தப்பாவே சொன்னார், நான் சொல்லவில்லை.

நெருப்புச் சோதனையை அம்மா அடுப்படியில் செய்தார். கேரி பேக் துண்டு உருகிச் சொட்டியது. இரண்டு அரிசியும் கருகின. அம்மா மூன்றையும் முகர்ந்து பார்த்தார், திரும்பவும் ஒருதடவை முகர்ந்தார். பிறகு கிண்ணத்தில் சேர்த்து வைத்திருந்த மணிகளில் கொஞ்சம் எடுத்து ஊற வைத்தார். இதை யாரும் சொல்லித்தரவில்லை. அரை மணி கழித்து விரலில் நசுக்கினால் மாவாகக் குழைந்தது. "மாவுதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் பேசவில்லை.

சித்தப்பா மட்டும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம மூட்டையில இல்ல, வேற எங்கயாவது இருக்கலாம்ல?" என்றார். இருக்கலாம் சித்தப்பா, ஆனால் அந்த வீடியோ எந்த ஊர் என்று அனுப்பியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். அவருக்கு அனுப்பியவர் அதற்கு முந்தியவரைக் கேட்டிருக்கிறார். நான்கு பேர் வரை போய், நான்காவது ஆள் ஒரு டீக்கடை குரூப்பில் வந்தது என்று சொன்னதோடு நின்றுவிட்டதாம். சித்தப்பா பழைய வீடியோக்களை அழிக்கவில்லை, நானும் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் திண்ணைச் சோதனையைத் தேதி, ஊர், தன் பெயர் எல்லாம் சொல்லி அவர் குரலிலேயே பேசி அதே குரூப்பில் போட்டார்.

அம்மா இப்போது பொறுக்குவதில்லை. கழுவும்போது மிதப்பதையும் கொட்டுவதில்லை. ஆனால் செவிலியர் அக்கா வந்தபோது, "இந்த அரிசி போதுமா, மாத்திரையும் வேணுமா?" என்று தானே கேட்டிருக்கிறார். மாத்திரை கட்டாயம் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று எடுத்த பரிசோதனையில் 9.4.

ஒரு சந்தேகம். தங்கைக்கு மாத்திரை போட்டால் வயிறு பிடித்துக்கொள்கிறது என்கிறாள், சில நாள் விட்டுவிடுகிறாள் போலிருக்கிறது. யாராவது அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: எடைத்தராசு

சந்தோஷம் மகளே. என் மருமகளுக்கும் அப்படித்தான் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்கள், அவளுக்கு அது ஒத்துக்கொண்டது. மாத்திரை போட்ட கையோடு டீயோ காபியோ குடிக்கக் கூடாது, இரும்புச்சத்து உடம்பில் சேராது என்றும் சொன்னார்கள். இது எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் மருமகளிடம் சொன்னது, நான் பக்கத்தில் இருந்து கேட்டது. உங்கள் தங்கைக்கு எது சரி என்று உங்கள் செவிலியரிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும் வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.